ரூம் போட்டாச்சா, டிக்கெட் போட்டாச்சா?

முத்யாலமடுவு அருவிக்குப் போக ஆனேக்கல்காரருக்கு ஒரு ஏற்பாடும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தால் ஆயிற்று. வெளிநாட்டுக்கு அப்படிக் கிளம்ப முடியாது. ஆனால் எதை, எவ்வளவு நாள் முன்னால் பதிவு செய்வது என்று கேட்டால் ஊரில் இரண்டு பதில்தான் கிடைக்கும். ஒரு சாரார் டிராவல்ஸில் முழு பேக்கேஜ் எடுத்து, காலை இட்லி முதல் இரவு அறை வரைக்கும் பணத்தைக் கட்டிவிடுவார்கள். இன்னொரு சாரார் "போய்ப் பார்த்துக்கலாம் விடுங்க" என்பார்கள். முதல் வகையில் கால் கட்டப்பட்டுவிடும். இரண்டாவது வகையில் பெட்டியும் குழந்தையுமாக நடு இரவில் அறை தேட வேண்டியிருக்கும்.

நான் சொல்வது வேறு. பயணத்தில் வரும் ஒவ்வொன்றையும் எடுத்து இரண்டு கேள்வி கேளுங்கள். அங்கே போனபின் இது கிடைக்காவிட்டால் பயணம் கெட்டுப்போகுமா? நாமே போகமுடியாமல் போனால் கட்டிய பணம் திரும்புமா? கெடும் என்றால் முன்பே பதிவு செய்யுங்கள். கெடாது, பணமும் திரும்பாது என்றால் தொடவே வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் இருப்பதை, ரத்து செய்யும் வசதி இருந்தால் மட்டும் போட்டுவையுங்கள்.

வெறுமனே சொன்னால் பிடிபடாது என்பதால் இலங்கையை வைத்தே பார்ப்போம். பெங்களூரிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் இருக்கிறது. பல இடங்களில் தமிழிலேயே பேசிச் சமாளிக்கலாம். முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இதைவிடத் தோதான நாடு கிடையாது.

முதலில் நாட்காட்டி

ஜிகினி, பொம்மசந்திரா தொழிற்பேட்டைகளில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு விடுப்பு கடைசி நேரத்தில்தான் உறுதியாகும். அதனால் வாய்மொழியாகக் கிடைத்த விடுப்பை நம்பி டிக்கெட் போடாதீர்கள். எழுத்தில் வந்தபின் போடுங்கள். கையோடு பாஸ்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள். பல நாடுகள் காலாவதிக்கு ஆறு மாதமாவது பாக்கியிருக்க வேண்டும் என்று கேட்கும். குறைவாக இருந்தால் லால்பாக் சாலையிலோ மாரத்தஹள்ளியிலோ இருக்கும் பாஸ்போர்ட் சேவா மையத்துக்குத்தான் முதல் நடை.

அடுத்து, நீங்கள் போகும் தேதியில் அந்த நாட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலோர் இதை விட்டுவிடுகிறார்கள். கர்நாடகப் பள்ளிகளுக்கு ஏப்ரல் இரண்டாவது வாரவாக்கில் கோடை விடுமுறை தொடங்கும். அதே வாரத்தில்தான் இலங்கையில் சிங்கள, தமிழ்ப் புத்தாண்டு. கொழும்பில் கடைகள் பூட்டிக் கிடக்கும். கொழும்புக்காரர்கள் மலைக்குப் போய்விடுவதால் நுவரெலியாவில் அறை வாடகை பல மடங்கு ஏறி நிற்கும். ஒரு வாரம் தள்ளிப் போனாலே நிலைமை மாறிவிடும். ஜூலை, ஆகஸ்ட்டில் கண்டியில் எசல பெரஹரா விழா. ஆகஸ்ட்டை ஒட்டி யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள் நடக்கும். புலம்பெயர்ந்த தமிழர்கள் உலகம் முழுவதிலிருந்தும் வந்து இறங்குகிற காலம் அது. நல்லூருக்குப் பக்கத்தில் அறை வேண்டுமென்றால் மாதங்களுக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். மலேசியா போகிறவர்கள் தைப்பூசத்தையும் சீனப் புத்தாண்டையும், சிங்கப்பூர் போகிறவர்கள் ஃபார்முலா ஒன் பந்தய வாரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேதி இப்படி ஏதாவது விழாவில் மாட்டினால் முதலில் அறையைப் போடுங்கள், அன்றைக்கே விமானத்தையும் போடுங்கள். விழா எதுவும் இல்லாவிட்டால் விமானம் முதலில், அறை நிதானமாக.

டிக்கெட்டில் பெயர்

நம்மவர்களுக்கு இது ஒரு தனித் தலைவலி. ஆதாரில் முன்னெழுத்தோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் முன்னெழுத்து விரிந்து அப்பா பெயராக நிற்கும், மனைவிக்குக் குடும்பப்பெயர் என்ற கட்டமே காலியாக இருக்கும். வெளிநாட்டு டிக்கெட்டுக்கு பாஸ்போர்ட் மட்டும்தான் கணக்கு. அதில் உள்ள எழுத்து மாறாமல் போடுங்கள். குடும்பப்பெயர் காலியாக இருந்தால் என்ன எழுதுவது என்பதற்கு ஒவ்வொரு விமான நிறுவனமும் ஒரு முறை வைத்திருக்கிறது. அவர்களிடம் கேட்டபின் பணம் கட்டுங்கள். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா கிடையாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. துபாய் வழியாக வேறு ஊர் போய், நடுவில் இரண்டு நாள் துபாயைச் சுற்றலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் டிக்கெட்டுக்கு முன்னால் பாஸ்போர்ட்டின் இந்தக் கட்டத்தைப் பார்க்க வேண்டும்.

இரண்டு விமானம் மாற வேண்டியிருந்தால் ஒரே பதிவு எண்ணில் போடுவதே நல்லது. தனித்தனியாக வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை. ஆனேக்கல்லிலிருந்து சென்னைக்கு இரவுப் பேருந்தில் போய், காலையில் யாழ்ப்பாண விமானம் பிடிப்பதும் இதே கதைதான். 2024 செப்டம்பரிலிருந்து இண்டிகோவும் சென்னை–யாழ்ப்பாணம் பறக்கிறது. சிறிய ஏ.டி.ஆர். விமானம், இருக்கை குறைவு. அதனால் டிக்கெட்டை முன்பே எடுங்கள், ஆனால் சென்னைக்கு ஒரு நாள் முன்னதாகப் போய்விடுங்கள்.

கப்பலில் போக ஆசைப்படுகிறவர்களும் உண்டு. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்ட்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி வந்தது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிறுத்திவிடுவார்கள். மற்ற நாளிலும் கடல் சம்மதிக்க வேண்டும். கப்பலை நம்பிப் போகிறவர், யாழ்ப்பாணத்தில் பணம் திரும்பாத அறையைப் போடவே கூடாது.

விசா என்ன கேட்கிறது

சில நாடுகளில் முன்பதிவு உங்கள் விருப்பத்தில் இல்லை. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்று, போய்வரும் பயண முன்பதிவு, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எல்லாம் விண்ணப்பத்தோடு வைக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கிளம்புவதற்குப் பதினைந்து நாளைக்கு முன்பாவது கொடுத்துவிட வேண்டும். இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது: விசா மறுக்கப்பட்டால் டிக்கெட் பணம் போய்விடும், டிக்கெட் காட்டாவிட்டால் விசா நகராது. அவிழ்க்கும் வழி, இலவசமாக ரத்து செய்யக்கூடிய ஓட்டல் அறையும், பணம் திரும்பும் விமானப் பதிவும். 'டம்மி டிக்கெட்' போட்டுத் தருகிறோம் என்று சில ஏஜென்டுகள் சொல்வார்கள். தூதரகம் சரிபார்க்கும்போது பதிவே இல்லையென்று தெரிந்தால் கெடுவது உங்கள் பெயர், ஏஜென்டின் பெயர் அல்ல.

இலங்கைக்கு இவ்வளவு இல்லை. இணையத்தில் பயண அனுமதி வாங்க வேண்டும். கட்டணமும் விதியும் அடிக்கடி மாறுவதால் இலங்கை அரசின் தளத்தை மட்டும் பாருங்கள். அதே தோற்றத்தில் கூடுதல் பணம் பிடுங்கும் போலித் தளங்கள் நிறைய. மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து மூன்றுக்கும் போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகைப் படிவம் நிரப்ப வேண்டும். அது இலவசம். அதில் தங்கும் இடத்தின் முகவரி கேட்பார்கள், ஆக முதல் அறையாவது போட்டிருக்க வேண்டும்.

முதல் இரவு, கடைசி இரவு

எல்லா இரவுக்கும் அறை போட வேண்டியதில்லை. முதல் இரவுக்கும் கடைசி இரவுக்கும் கட்டாயம் போடுங்கள்.

கொழும்பு விமான நிலையம் என்கிறோமே தவிர அது இருப்பது கட்டுநாயக்கவில். கொழும்பு நகரம் அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல், நீர்கொழும்போ பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். இரவு விமானத்தில் இறங்குகிறவர்கள் நீர்கொழும்பில் படுத்துவிட்டு, காலையில் அங்கிருந்தே கண்டிக்குப் போகலாம். கொழும்புக்குப் போய்த் திரும்புகிற அலைச்சல் மிச்சம். திரும்பி வரும்போதும் விமானம் விடியற்காலை என்றால் கடைசி இரவு நீர்கொழும்புதான்.

தேதியைக் கவனியுங்கள். பதினைந்தாம் தேதி இரவு 1 மணிக்கு இறங்குகிறீர்கள் என்றால் அறையைப் பதினான்காம் தேதிக்குப் போட வேண்டும். பதினைந்துக்குப் போட்டால் பிற்பகல் வரை வரவேற்பறை சோபாதான் கதி. நள்ளிரவுக்கு மேல் வருவோம் என்று ஓட்டலுக்கு ஒரு செய்தியும் அனுப்பிவையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வரவில்லை என்று அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

'இலவச ரத்து' என்று போட்டிருந்தால் எந்தத் தேதி, எத்தனை மணி வரை என்று படியுங்கள். மணி அந்த ஊர்க் கணக்கு. இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம். சிங்கப்பூரும் மலேசியாவும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே இரவு 11.59 என்றால் நமக்கு 9.29. சாப்பிட்டுவிட்டு ரத்து செய்யலாம் என்று உட்கார்ந்தால் கெடு முடிந்திருக்கும்.

அங்கே ஓடும் ரயில்

இலங்கைப் பயணத்தில் முன்பதிவு இல்லாமல் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டென்றால் அது கண்டியிலிருந்து நானுஓயா வழியாக எல்லவுக்குப் போகும் மலை ரயில். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் இந்தப் பாதைக்காகவே பலர் வருகிறார்கள். முன்பதிவு முப்பது நாளுக்கு முன் திறக்கும், கண் மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். மொத்தமாக வாங்கிக் கள்ள விலைக்கு விற்பதாக எழுந்த புகாரில் 2025-இல் போலீஸ் விசாரணை வரை போனது. எனவே பயணத்தின் மற்ற தேதிகளை இந்த ரயிலைச் சுற்றி அமையுங்கள். கிடைக்காவிட்டால் முன்பதிவில்லாத பெட்டி இருக்கிறது. ஆறேழு மணி நேரம் நின்றுகொண்டு போக வீட்டுப் பெரியவர்களால் முடியுமா என்பதை மட்டும் யோசியுங்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் நானுஓயாவிலிருந்து எல்ல வரை மட்டும் ஏறினாலும் போதும்.

பதிவுக்கு முன் பாதை ஓடுகிறதா என்று பாருங்கள். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் அடித்தபோது மண்சரிவில் மலைநாட்டு ரயில் பாதை பெருமளவு சேதமானது. இப்படி ஒன்று நடந்தால் எல்லவில் போட்ட அறையை ரத்து செய்ய வழி இருக்க வேண்டும்.

யாழ்ப்பாண ரயிலுக்கு இவ்வளவு அடிதடி இல்லை. 1990-இல் போரால் நின்று, 2014 அக்டோபரில் மறுபடி யாழ்ப்பாணம் தொட்ட பாதை அது. விழாக் காலத்திலும் வார இறுதியிலும் முன்பதிவு செய்யுங்கள், மற்ற நாளில் பதற்றம் வேண்டாம்.

விட்டுவிட வேண்டியவை

நகருக்குள் ஓடும் ஆட்டோ, கார் எதற்கும் முன்பணம் வேண்டாம். ஊபரும், அந்நாட்டு பிக்மீ செயலியும் இருக்கின்றன. சிகிரியா நுழைவுச்சீட்டை வாசலிலேயே வாங்கலாம். சார்க் நாட்டவருக்குச் சலுகை விலை உண்டு என்பதால் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். இணையத்தில் ஏதோ ஒரு சுற்றுலாத் தளத்தில் முழு விலைக்கு வாங்கினால் நஷ்டம்தான்.

நான்கைந்து பேர் ஒரு வாரம் சுற்றுவதானால் டிரைவரோடு ஒரு வேன் அமர்த்துவது அங்கே வழக்கம். பேசிவைக்கலாம், முழுப்பணம் கொடுக்க வேண்டாம். நாள் வாடகையில் எத்தனை கிலோமீட்டர், பெட்ரோல், நெடுஞ்சாலைக் கட்டணம், டிரைவர் தங்கும் செலவு எல்லாம் சேர்ந்ததா என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பேச்சில் 'எல்லாம் சேர்த்துதான் அண்ணா' என்பது கடைசி நாளில் செல்லாது.

நடுவில் வரும் இரண்டு மூன்று இரவுகளையும் திறந்துவைக்கலாம். கண்டி பிடித்துப்போனால் ஒரு நாள் கூட்டுவீர்கள், மழை பிடித்துக்கொண்டால் கிழக்குக் கடற்கரைக்கு நகர்வீர்கள். ஆனால் எழுபது வயது அம்மாவோ கைக்குழந்தையோ கூட வந்தால் இந்தச் சுதந்திரம் வேண்டாம். எல்லா இரவையும் ரத்து வசதியோடு போட்டுவிடுங்கள்.

பணம் கட்டும்போது ஒன்று. வெளிநாட்டுத் தளத்தில் ரூபாயில் கட்டலாமா, அந்த நாட்டுப் பணத்திலா என்று கேட்டால் அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாய்க்கு மாற்றிக் காட்டும் விலையில் அவர்கள் லாபம் ஒளிந்திருக்கும். கிரெடிட் கார்டு வங்கியும் பெரும்பாலும் 2 முதல் 3.5 சதவீதம் வரை அந்நியச் செலாவணிக் கட்டணமும், அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் எடுக்கும். இந்த இழப்பைச் சேர்த்து ஒப்பிட்டால் சில ஓட்டல்களில் 'அங்கே வந்து கட்டுங்கள்' என்பதே மலிவு. இலங்கையில் 2024 பிப்ரவரி முதல் யு.பி.ஐ.யும் செல்லுகிறது, எல்லாக் கடையிலும் இருக்கும் என்று எண்ணிக் கையில் காசில்லாமல் போகாதீர்கள். டிராவல்ஸில் வெளிநாட்டு பேக்கேஜ் எடுத்தால் டி.சி.எஸ். என்று வரி பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம், சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டு வாசலிலிருந்து தேவனஹள்ளி

கண்டி மலை ரயிலை ஒரு மாதம் முன்னால் பதிவு செய்தவர், விமான நிலையம் போய்ச் சேர்வதை மறப்பார். ஆனேக்கல்லிலிருந்து தேவனஹள்ளி விமான நிலையம் எழுபது கிலோமீட்டருக்குக் குறையாது, நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை. சந்தாபுரா, சில்க் போர்டு, ஹெப்பால் மூன்றும் வழியில். மாலை நேரத்தில் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய்ச் சேர வேண்டும் என்பதையும் கூட்டினால், இரவு 11 மணி விமானத்துக்கு மாலை 5 மணிக்கே கிளம்ப வேண்டியிருக்கும்.

பகல் விமானமும் கையில் சிறு பையும் என்றால் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வாயு வஜ்ரா பேருந்து இருக்கிறது. 2025 ஆகஸ்ட்டில் திறந்த மஞ்சள் மெட்ரோவில் பொம்மசந்திராவில் ஏறி, ஆர்.வி. ரோட்டில் மாறி மெஜஸ்டிக் போய் அங்கிருந்தும் வாயு வஜ்ரா பிடிக்கலாம். பெட்டிகள் அதிகமென்றால் இந்த மாறுதல்கள் சரிப்படாது. நடு இரவில் கிளம்புவோர் செயலியில் வரும் காரை நம்ப வேண்டாம். ஊருக்குள் இருக்கும் டிரைவர் யாரிடமாவது இரண்டு நாள் முன்பே சொல்லி, முதல் நாள் மாலை ஒரு முறை நினைவூட்டுங்கள். பன்னாட்டு விமானங்கள் 2023 செப்டம்பரிலிருந்து இரண்டாவது முனையத்தில் என்பதால் அதையும் சொல்லிவிடுங்கள். திரும்பி வரும் இரவுக்கும் அவரிடமே பேசிவைத்து, விமான எண்ணையும் நள்ளிரவு தாண்டினால் மாறும் தேதியையும் எழுதிக் கொடுங்கள்.