கண்மாயைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?

கோடைக்காலத்தில் கோவில்பட்டிப் பக்கம் பஸ்ஸில் போகும்போது சன்னல் வழியே பாருங்கள். கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். இடையிடையே வரிசையாக நட்ட கற்கள், காற்றில் ஆடும் வண்ணக் கொடிகள், 'வீட்டு மனைகள் விற்பனைக்கு' என்ற பலகை. சில இடங்களில் மனைகளை ஒட்டி ஒரு நீண்ட மண்கரை தெரியும். கரைக்கு உட்புறம் சீமைக் கருவேல முள். 'சும்மா கிடக்கிற பொட்டல்தானே' என்று நினைக்கத் தோன்றும். அது பொட்டல் அல்ல, கண்மாய்.

உங்கள் அப்பாவோ மாமாவோ ஒருநாள் அப்படிப்பட்ட மனையைப் பார்க்கப் போகலாம். "கண்மாயின் ஒரு ஓரத்தை மேடாக்கினோம். அதற்கு ஈடாக வேறு இடத்தில் குளம் வெட்டியாகிவிட்டது. கொள்ளளவு சரிக்குச் சரி" என்று மனை விற்பவர் சொன்னால் நாம் என்ன சொல்வது? சரிதானா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் வகுப்புக் கணக்கே இதற்குப் போதும்.

முதலில் கண்மாய் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கோவில்பட்டி வட்டாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை அடைமழையாகச் சில வாரங்களில் கொட்டிவிடும். வற்றாத ஆறு கிடையாது. பல ஊர்களில் நிலத்தடி நீர் உப்பு. ஆகவே நம் முன்னோர் சரிவான நிலத்தின் குறுக்கே மண்கரை போட்டு மழைநீரை மறித்தார்கள். வயலுக்குக் கண்மாய், குடிக்க ஊருணி. மேட்டிலிருந்து நீரைக் கொண்டுவருவது வரத்துக்கால். நீர் பரவி நிற்கும் இடம் உள்வாய். வயலுக்கு நீர் விடுவது மடை. மிஞ்சிய நீர் வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போவது மறுகால் வழியே. இவற்றில் எந்த இடத்திலும் மோட்டார் இல்லை, பம்பு இல்லை. எல்லாம் மட்டத்தினால் நடக்கிறது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் ஓடும் என்ற ஒரே விதியை நம்பி ஊர் முழுவதும் பிழைத்தது.

இனி கணக்கு. 4 எக்டேர் பரப்பும் சராசரி ஒன்றரை மீட்டர் ஆழமும் உள்ள ஒரு கண்மாயை எண்ணிக்கொள்ளுங்கள். ஓர் எக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். எனவே கொள்ளளவு 60,000 கன மீட்டர். மனை போடுபவர் கரைக்கு எதிர்ப்புறத்தில், ஆழம் குறைந்த ஓரத்தில் 1 எக்டேரை மண் அடித்து மேடாக்குகிறார். அங்கே சராசரி ஆழம் அரை மீட்டர்தான். ஆக, இழப்பு 5,000 கன மீட்டர். அதற்கு ஈடாக 50 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழத்தில் ஒரு குளம் வெட்டுகிறார். பெருக்கிப் பாருங்கள், அதுவும் 5,000 கன மீட்டர்! காகிதத்தில் குறை ஒன்றும் இல்லை.

ஆனால் மழை காகிதத்தைப் படிப்பதில்லையே. வெட்டிய குளத்துக்கு வரத்துக்கால் இல்லாவிட்டால் அதன் தலைமேல் விழும் மழைதான் அதற்குக் கிடைக்கும். ஆடி மாதம் அதில் பையன்கள் கிரிக்கெட் விளையாடலாம்! வரத்துக்கால் வெட்டிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். குளத்தின் அடி, மடையின் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. அந்த நீர் தானாக வயலுக்கு ஏறுமா? என்ஜின் வைத்து இறைக்க வேண்டும்.

இதைவிட நுட்பமான விஷயம் ஒன்று உண்டு. ஆழமான பள்ளம் முதல் மழையிலேயே நிரம்பிவிடும். ஆழமில்லாத ஓரமோ கடைசியில்தான் நனையும். பெருமழை வரும் நாள் வரை அது காலியாகக் காத்திருக்கிறது. வெள்ளம் வரும்போது ஊரைக் காப்பது அந்தக் காலி இடந்தான். அதை மேடாக்கிவிட்டால் அங்கே நின்றிருக்கக்கூடிய 5,000 கன மீட்டர் நீர் எங்கே போகும்? மிச்சமுள்ள 3 எக்டேரில் ஏறி நிற்கும். 5,000-ஐ 30,000-ஆல் வகுத்தால் சுமார் 17 செ.மீ. வருகிறது. கரை அந்தக் கூடுதல் அழுத்தத்தைத் தாங்க வேண்டும், இல்லையென்றால் மறுகாலில் திடீரென்று அவ்வளவு நீரும் பாயும்.

17 செ.மீ. சின்ன அளவாகத் தோன்றுகிறதா? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைத்துப் பாருங்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. கோவில்பட்டியிலும் ஏறக்குறைய 50 செ.மீ. ஓர் எக்டேர் நிலத்தில் 1 மி.மீ. மழை பெய்தால் 10 கன மீட்டர் நீர். அப்படியானால் அன்று கோவில்பட்டியில் ஒவ்வோர் எக்டேரிலும் விழுந்தது 5,000 கன மீட்டர்! நம் கணக்கில் வந்த குளம் முழுவதையும் ஓர் எக்டேரில் பெய்த மழையே நிரப்பியிருக்கும்.

கரிசல் மண்ணின் குணத்தையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த மண்ணில் மாண்ட்மோரில்லோனைட் என்ற களிக்கனிமம் நிறைய உண்டு. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகள் புத்தகத்தின் தாள்களைப் போல அடுக்கி வைக்கப்பட்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நீர் பட்டதும் தகடுகளுக்கு இடையே நீர் மூலக்கூறுகள் புகுந்து அவற்றை விலக்குகின்றன. மண் வீங்குகிறது. காய்ந்தால் சுருங்கி வெடிக்கிறது. முதல் மழை அந்த வெடிப்புகளுக்குள் இறங்கிவிடும். பிறகு மண் வீங்கி வெடிப்பு மூடிக்கொள்ளும். அதற்கப்புறம் பெய்வதில் பெரும்பங்கு ஓடையில்தான் ஓடும். ஆனால் சிமெண்டுச் சாலையும் மொட்டை மாடிகளும் வந்துவிட்ட மனைப்பகுதியில் வெடிப்பு ஏது? முதல் மழையிலிருந்தே நீர் விரைந்து ஓடி வரும். கண்மாய் சிறுத்திருக்கிற இடத்துக்கு வெள்ளம் முன்னதாகவும் வேகமாகவும் வருகிறது என்று பொருள்.

கண்மாயின் அடியில் படிந்த களியே அதன் அடைப்பான். ஈடாக வெட்டும் குளத்தில் இந்தக் களியைத் தாண்டிச் சுக்கான் மண்ணோ சிதைந்த பாறையோ வரும் வரை தோண்டிவிட்டால் நீர் தங்காமல் கசியும். நிலத்தடியில் நீர் சேர அது நல்லதுதான். ஊருணி போல் நீர் நிற்க வேண்டுமென்றால் உதவாது. நிரவிய இடத்தில் வீடு கட்டியவருக்கும் நிம்மதி இல்லை. கீழே உள்ள களி ஒவ்வோர் ஆண்டும் வீங்கிச் சுருங்குவதால் அஸ்திவாரம் ஏறி இறங்கும். சன்னல் மூலையிலிருந்து சாய்வாகச் சுவர் விரியும். இதற்காகவே ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம், அடியில் குமிழ் போல அகன்ற ஒருவகைத் தூண் அஸ்திவாரத்தை உருவாக்கியது. செலவு கூடுதல். மனை விலையில் அதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டப்படி, அனுமதி பெற்று ஈரநிலத்தை நிரவுபவர் ஈடாக வேறொன்றை உருவாக்கித் தர வேண்டும். அங்கே தேசிய ஆராய்ச்சிக் குழு 2001இல் இதை ஆராய்ந்தது. பல இடங்களில் வாக்களித்த வேலையே நடக்கவில்லை, நடந்த இடங்களிலும் பழைய ஈரநிலத்தின் பணிகள் திரும்பக் கிடைக்கவில்லை என்றது. உலகில் சீரமைத்த அல்லது புதிதாக உருவாக்கிய 621 ஈரநிலங்களைப் பற்றி 2012இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நூறாண்டு கழிந்த பிறகும் அவற்றின் உயிரின அமைப்பு இயற்கை ஈரநிலங்களைவிடச் சுமார் 26 சதவீதம் குறைவாகவே இருந்தது.

நம் நாட்டில் ஊர்ப் பொது நீர்நிலையைப் பொறுத்தவரை ஈடு பேசவே இடமில்லை என்பதுதான் உச்ச நீதிமன்றத்தின் நிலை. பஞ்சாபில் பாட்டியாலா மாவட்டத்து ரோகர் ஜாகிர் கிராமத்தில் ஊர்க்குளத்தை நிரப்பிச் சிலர் வீடு கட்டினார்கள். விலை வாங்கிக்கொண்டு இடத்தை அவர்களுக்கே கொடுத்துவிடலாம் என்று அதிகாரிகள் யோசித்தார்கள். 2011 ஜனவரி 28இல் உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. வீடு கட்ட எவ்வளவு செலவழித்திருந்தாலும் அது காரணமாகாது, ஆக்கிரமிப்பை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று ஆணையிட்டது. அங்கீகாரம் இல்லாத மனைகளை வரன்முறைப்படுத்தத் தமிழ்நாடு 2017இல் விதிகள் கொண்டுவந்தபோதும் பொது நீர்நிலையில் அமைந்த மனைகளுக்கு அந்தச் சலுகை இல்லை.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. 1971இல் ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை, மனிதன் வெட்டிய நீர்நிலைகளையும் ஈரநிலம் என்றே கொள்கிறது. இந்திய அரசின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகளோ பாசனத்துக்கென்றே அமைத்த நீர்நிலைகளை விட்டுவிடுகின்றன. ஆக, அந்த விதிகளின்படி கரிசல் காட்டுக் கண்மாய் 'ஈரநிலம்' அல்ல! பறவைகளுக்கு இந்த வேறுபாடு தெரியாது. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளமும் பாசனக் குளந்தான். அது ராம்சார் பட்டியலிலும் இருக்கிறது. மற்றக் கண்மாய்களுக்குத் துணை 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமும், பொதுப்பணித் துறை ஏரிகளுக்காக 2007இல் வந்த ஏரிப் பாதுகாப்புச் சட்டமும். பொதுவாக 40 எக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு.

ஆகவே மனை பார்க்கப் போகும் பெரியவர்களோடு நீங்களும் போங்கள். வரைபடத்தில் உள்ள பூங்காவைப் பார்ப்பதற்கு முன், கிராம வரைபடத்தில் ஓடையும் வரத்துக்காலும் எந்தப் புல எண்ணில் இருக்கின்றன என்று கேளுங்கள். ஓடை இருந்த இடத்தில் இப்போது சாலை இருக்கிறதா? அதன் கீழே போட்ட குழாய் எவ்வளவு அகலம்? மறுகாலின் மட்டம் மனைகளின் தரைக்கு மேலா, கீழா? நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று இருந்தால் அதன் நிபந்தனைகளைப் படியுங்கள். ஒரு கயிறும் மட்டப்பலகையும் இருந்தால் மறுகாலின் மட்டத்தை நீங்களே பார்த்துவிடலாம்.

பள்ளியிலும் ஒன்று செய்யலாம். மனையிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவந்து காயவைத்துப் பொடித்து, மெல்லிய சல்லடையில் சலியுங்கள். ஆசிரியரின் துணையோடு இரண்டு 100 மில்லிலிட்டர் அளவுக் குழாய்களில் பத்துப் பத்து கிராம் போடுங்கள். ஒன்றில் தண்ணீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றிக் கலக்கி, ஒருநாள் அப்படியே விட்டு வையுங்கள். மண்ணெண்ணெயில் களி வீங்காது. மறுநாள் இரண்டிலும் மண் நிற்கும் அளவைக் குறித்துக்கொண்டு, வித்தியாசத்தை மண்ணெண்ணெய்க் குழாயின் அளவால் வகுத்து நூறால் பெருக்குங்கள். விடை 50க்கு மேல் போனால் அந்த மண்ணில் சாதாரண அஸ்திவாரம் போடப் பொறியாளர்கள் தயங்குவார்கள். கரிசல் மண்ணில் 100-ஐத் தாண்டுவதும் உண்டு. உங்களுக்கு எவ்வளவு வருகிறது என்று பாருங்கள்.