ஆறிய பச்சையைக் காட்டச் சொல்லுங்கள்

கேள்வி: திருவனந்தபுரத்தில் வேலை. கையில் பழைய பாணி நங்கூரம் பச்சை குத்திக்கொள்ள ஆசை. கலைஞரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: ஹோனலூலுவில் மாலுமிகளுக்குக் குத்திய ‘செய்லர் ஜெர்ரி’ என்கிற நார்மன் காலின்ஸ் (1911–1973) இந்தப் பாணியின் பெரும்புள்ளி. தடித்த கறுப்புக் கோடு, எண்ணிவிடக்கூடிய சில நிறங்கள், அவ்வளவுதான். அதனாலேயே கை கொஞ்சம் நடுங்கினாலும் கோடு காட்டிக்கொடுத்துவிடும். தத்ரூபமாக முகம் வரைபவருக்கு இது கைவரும் என்ற உத்தரவாதமில்லை.

குத்திய அன்றே எடுத்த பளபளப்பான படங்களை நம்ப வேண்டாம். இரண்டு மூன்று வருடம் ஆறிய பச்சையைக் கேட்டுப் பார்க்கலாம். ஊசி உறையைக் கண்முன்னே பிரிக்காத கடையிலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

ராணுவக் கனவு உண்டா? பொதுவாக முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டுமே பச்சைக்கு அனுமதி. குத்திய பின் ரத்ததானமும் ஓராண்டு தள்ளிப்போகும்.