மச்சான் கடை மெம்பரேன்: யாரிடம் போய்ச் சொல்வது?

லஞ்சம் கேட்கும் அதிகாரியைச் சமாளிக்கத் திருப்பூர்க்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்துப் பைசா கேட்காத அதிகாரியிடம்தான் சிக்கல். வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பொறியாளர் ஆய்வுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆர்.ஓ. மெம்பரேனைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார். "இது தாங்காதுங்க. நம்ம மச்சான் சப்ளை பண்றாரு, அவருகிட்ட எடுத்துட்டீங்கன்னா இசைவாணை சீக்கிரம் வந்துரும்" என்கிறார். பில்லோடு சரக்கு வருகிறது, ஜி.எஸ்.டி.யும் கட்டியாகிறது. இதில் லஞ்சம் எங்கே?

லஞ்சம் இல்லைதான். ஆனால் சோதிப்பவரும் விற்பவரும் ஒரே வீட்டு ஆட்கள். இதைத்தான் நலன் முரண் என்கிறார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் இங்குள்ள சாயப்பட்டறைகள் மொத்தமாக மூடப்பட்டதைப் பார்த்தவர்களுக்கு இசைவாணை என்றால் என்ன என்று தெரியும். வாரியம் தரும் அந்த அனுமதி இல்லாவிட்டால் பட்டறை இல்லை. அதனால்தான் மச்சானின் விலையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டம், 6-ஆம் பிரிவில், கழிவுநீர் சுத்திகரிப்பு இயந்திரம் செய்யும் அல்லது விற்கும் நிறுவனத்தில் பங்கு உள்ளவர் வாரிய உறுப்பினராக முடியாது என்று அப்போதே எழுதிவிட்டது. ஆனால் அது மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கு. பட்டறைக்கு வந்து போகும் பொறியாளரைக் கட்டுப்படுத்துவது நடத்தை விதிகள். மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964 விதிகள், மாநில ஊழியர்களுக்கு 1973 விதிகள். மத்திய விதிகளின்படி, குடும்பத்தாருக்குத் தொடர்புள்ள ஒப்பந்தம் மேஜைக்கு வந்தால் ஊழியர் அதைத் தொடக்கூடாது, மேலதிகாரிக்கு அனுப்பிவிட வேண்டும். குடும்பம் என்றால் மனைவி அல்லது கணவர், அவரையே முழுக்க நம்பி வாழும் பிள்ளைகள், உறவினர்கள். சொந்தக் காலில் நிற்கும் மச்சான் இந்தக் கணக்கில் வரமாட்டார், சம்பந்தியும் பங்காளியும் அப்படித்தான். கொங்கு நாட்டில் தொழில் ஓடுவதே இந்த உறவுகளில்தான் என்பது விதி எழுதியவர்களுக்கு எட்டவில்லை போலும். அமெரிக்காவில் 1978 முதல் நலன் முரணைக் கவனிக்கவென்றே ஓர் அலுவலகம் இயங்குகிறது. நம் நாட்டில் இதற்கென ஒரு சட்டம் வேண்டும் என்று தமிழ்நாட்டைச் சேர்ந்த சுதர்சன நாச்சியப்பன் 2012-இல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

ஆகவே இருக்கிற வழிகளில் எதைப் பிடிப்பது? கையில் என்ன இருக்கிறது, அதிகாரி யாருடைய ஆள் என்ற இரண்டையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பணம் கேட்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம், லஞ்ச ஒழிப்புத் துறைதான். 1964-இல் தொடங்கிய இந்தத் துறைக்குப் பினாப்தலின் பொடி தடவிய நோட்டோடு கையும் களவுமாகப் பிடிப்பது கைவந்த கலை. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுத்தவரும் குற்றவாளியே என்பதை மட்டும் மறக்கக்கூடாது. வற்புறுத்தலால் கொடுத்துவிட்டால் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தவருக்கே விலக்கு. கொடுக்கும் முன்பே போய்ச் சொல்லிவிடுவது இன்னும் நல்லது. ஆனால் மச்சான் விவகாரத்தில் இந்தத் துறையால் சட்டென்று எதுவும் செய்ய முடியாது. பில் போட்ட சரக்கில் பொடி தடவ இடமில்லை.

இந்த விவகாரத்துக்கு நான் சிபாரிசு செய்வது, யாரும் பெரிதாக மதிக்காத வழி: மேலதிகாரிக்கு ஒரு கடிதம். மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். "ஊழல்" என்ற சொல்லே வேண்டாம். இன்ன தேதியில் ஆய்வு நடந்தது, இன்ன நிறுவனத்தின் பெயர் சொல்லப்பட்டது, அதற்கும் ஆய்வாளருக்கும் உறவு இருப்பதாக அறிகிறேன், என் கோப்பை வேறு அலுவலர் பார்க்கட்டும். இவ்வளவு போதும். பட்டறைக்காரருக்கு வேண்டியது அதிகாரி சிறைக்குப் போவதா, கோப்பு கைமாறுவதா? பெரும்பாலும் இரண்டாவதுதான். விதி கேட்காவிட்டாலும் நியாயப்படி அந்த அதிகாரியே எழுதியிருக்க வேண்டிய கடிதத்தை அவருக்குப் பதிலாக நீங்கள் எழுதுகிறீர்கள், அவ்வளவுதான். கடிதம் பதிவான பின், அந்த உறவு தெரியாது என்று மேலிடம் சொல்ல முடியாது.

கடிதத்துக்குப் பலம் சேர்க்கத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் பத்து ரூபாய், பதில் வர முப்பது நாள். பலரும் தவறுவது கேள்வியில். அதிகாரியின் சொத்துப் பட்டியலைக் கேட்டால் கிடைக்காது. 2012-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தனிப்பட்ட தகவல் என்றது, இப்போது தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கதவை இன்னும் இறுக்கிவிட்டது. ஆளை விட்டுவிட்டுக் கோப்பைக் கேளுங்கள்: இரண்டு ஆண்டுகளில் வந்த விண்ணப்பங்கள் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை நாள் கிடந்தது, ஆய்வு அறிக்கையின் நகல். சிலருக்குப் பத்து நாளில் வந்ததும் சிலருக்கு ஐந்து மாதம் கிடந்ததும் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலே கதை தெரிந்துவிடும்.

வாரியம் அல்லாத இடம் என்றால் கதவும் மாறும். கட்டட அனுமதி, சாக்கடை ஒப்பந்தம் போன்ற மாநகராட்சி விவகாரங்களுக்கு 2014 சட்டப்படி அமைந்த உள்ளாட்சி முறைமன்ற நடுவம். பி.எஃப்., இ.எஸ்.ஐ., மத்திய ஜி.எஸ்.டி., பொதுத்துறை வங்கி என்றால் அந்தந்த நிறுவனத்தின் தலைமைக் கண்காணிப்பு அலுவலர், அல்லது மத்திய கண்காணிப்பு ஆணையம். பெயரில்லாப் புகாரை ஆணையம் தொடாது. பெயர் வெளியே வரக்கூடாது என்பவர்களுக்கு, 2004 முதல் மூடிய உறையில் புகார் பெற்று அடையாளத்தைக் காக்கும் தனி ஏற்பாடு உண்டு. மொட்டைக் கடுதாசிக்கு அது எவ்வளவோ மேல். 2018 சட்டத்தில் வந்த தமிழ்நாடு லோக் ஆயுக்தா அமைச்சர்கள்வரை விசாரிக்கக்கூடியது. ஒரு மெம்பரேனுக்காக அங்கே போவதை நான் சொல்லமாட்டேன். பொய்ப் புகாருக்கு அங்கே தண்டனையும் உண்டு. உங்களைப் போலப் பல பட்டறைக்காரர்கள் ஆவணத்தோடு சேர்ந்தால் அது வேறு விஷயம்.

பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் மேலாளரின் உறவினருக்கு ஒப்பந்தம் போனால் இந்தக் கதவுகள் பெரும்பாலும் உதவாது. அது உறுப்பினர்கள் சேர்ந்து நடத்தும் கம்பெனி. பொதுக்குழுவில் எழுந்து கேட்க வேண்டியதுதான்.

எந்தக் கதவைத் தட்டினாலும் இசைவாணை மறுக்கப்பட்ட உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். அதே நீர்ச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்தான் அவகாசம். புகார் நிலுவையில் இருக்கிறது என்பதற்காக அந்த நாட்கள் நிற்பதில்லை.