திறந்த கல நுரைகளின் நுண்கட்டமைப்பு மாதிரி

மாணவர்களே, ஸ்பொஞ்ச் துண்டொன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியினூடாக அவதானியுங்கள். கலங்களிடையே சுவர்கள் இல்லை. விளிம்புகளில் அமைந்த மெல்லிய கோல்களே எஞ்சியுள்ளன. இத்தகையது திறந்த கல நுரை எனப்படும்.

மாதிரிக் கலம்
வெளியைச் சம கனவளவுள்ள கலங்களாக மிகக் குறைந்த பரப்பளவுடன் பிரிப்பது எவ்வாறு என 1887 இல் கெல்வின் பிரபு ஆராய்ந்தார். அவர் முன்வைத்த கலம் 14 முகங்களைக் கொண்டது. ஒழுங்கான எண்முகியின் 6 உச்சிகளையும் வெட்டிநீக்கினால் 6 சதுரங்களும் 8 அறுகோணிகளும் பெறப்படும். (கெல்வினின் கலத்தில் அறுகோணிகள் சிறிது வளைந்தவை.) 1993 இல் வெயார், ஃபெலன் ஆகியோர் பரப்பளவு ஏறத்தாழ 0.3% குறைந்த அமைப்பைக் கண்டனர். எனினும் ஒரேவகைக் கலத்தாலானதால் கணிப்புக்குக் கெல்வின் கலம் எளிது.

ஒயிலரின் தொடர்பு: உச்சிகள் 24 + முகங்கள் 14 = விளிம்புகள் 36 + 2.

கவனிக்க
நுரையில் ஒரு விளிம்பு 3 கலங்களுக்குப் பொதுவானது. எனவே ஒரு கலத்துக்குரிய விளிம்புகள் 36 ÷ 3 = 12 ஆகும். 36 எனக் கொள்வது பலரும் விடும் தவறு.

உதாரணம்
கோலின் நீளம் 1 மி.மீ.; அதன் சதுரக் குறுக்குவெட்டின் பக்கம் 0.2 மி.மீ. நுரையின் சாரடர்த்தியைத் திண்மப் பதார்த்தம் சார்பாகக் காண்க. (மூட்டுகளில் கோல்கள் ஒன்றன்மேலொன்று படிவதைப் புறக்கணிக்க.)

கோல்களின் கனவளவு = 12 × 1 × 0.2 × 0.2 = 0.48 கன மி.மீ.
கலத்தின் கனவளவு = 8√2 × நீளத்தின் கனம் = 11.3 கன மி.மீ.
சாரடர்த்தி = 0.48 ÷ 11.3 = 0.042 (அண்ணளவாக)

அதாவது, நுரையில் ஏறத்தாழ 96% வெற்றிடமாகும்.

விறைப்பு
நுரையை அமுக்கும்போது கோல்கள் பெரும்பாலும் வளைகின்றன. ஆகவே கிப்சன், அஷ்பி ஆகியோரின் மாதிரிப்படி, நுரையின் யங்கின் மட்டு சாரடர்த்தியின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமமாகும். விகிதசம மாறிலி ஏறத்தாழ 1. எனவே இந்நுரையின் மட்டு, திண்மத்தினதில் 0.042 × 0.042 = 0.0018 மடங்கு.

விளிம்புகளை 36 எனக் கொண்டிருப்பின் சாரடர்த்தி 3 மடங்காகவும் மட்டு 9 மடங்காகவும் பிழைத்திருக்கும். அவ்விடையை நம்பி அமைத்த இருக்கை மெத்தை, எதிர்பார்த்ததைவிட 9 மடங்கு எளிதில் அமுங்கும்!

பயிற்சி
நீளம் மாறாதிருக்கக் கோலின் தடிப்பு அரைவாசியாகின், சாரடர்த்தியும் மட்டும் எவ்வாறு மாறும்?
விடை: முறையே 1/4 மடங்கு, 1/16 மடங்கு.