கூர் நிற்பதும் அடி தாங்குவதும்

வெட்டுக்கத்தி இல்லாத தோட்டத்து வீட்டைக் காண்பது அரிது. கதவுக்குப் பின்னால் ஒரு பாராங் சாத்தியிருக்கும்; பால்மரம் சீவும் உளி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் செருகப்பட்டிருக்கும். சில வீடுகளில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு. பாட்டனார் கப்பலேறி வந்தபோது துணியில் சுற்றிக் கொணர்ந்த அரிவாள் அது.

ஜாசின் வட்டாரத் தோட்டம் ஒன்றுக்கு நாம் சென்றிருந்தபோது, அத்தகைய அரிவாள் ஒன்றை முதியவர் ஒருவர் நம்மிடம் காட்டினார். சிவகங்கைச் சீமையில் அரிவாளுக்குப் பெயர்பெற்ற திருப்பாச்சேத்தியில் அடித்தது என்பது அவர் குடும்பத்தில் வழிவழியாக வந்த செய்தி. துருவைப் போக்கிப் பளபளப்பாக்கும் எண்ணத்தில் பேரன் அதனைப் பட்டணத்துப் பட்டறை ஒன்றில் மின்சாரச் சாணை பிடித்து வந்திருந்தான். அரிவாள் கண்ணாடி போல் மின்னியது. ஆனால் வாயோரம் நெடுகிலும் மெல்லிய நீல நிறம் ஓடியிருந்தது. “முன்பெல்லாம் ஒருமுறை தீட்டினால் மாதக் கணக்கில் நிற்கும் ஐயா. இப்போது நாலு தேங்காய் வெட்டினால் மழுங்கிவிடுகிறது” என்றார் அவர்.

அந்த அரிவாளுக்கு நேர்ந்தது என்ன? இதனை அறிய, கத்தியின் இரண்டு குணங்களைப் பிரித்து அறிதல் வேண்டும். ஒன்று, கூர் நிலைத்து நிற்பது. மற்றொன்று, ஓங்கி வெட்டும்போது உடையாமல் அடி தாங்குவது. பலரும் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி, ‘நல்ல இரும்பு’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றனர். உண்மையில் ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று பெரும்பாலும் குறையும்.

இரும்பில் சிறிதளவு கரிமம் சேர்ந்தால் எஃகு ஆகிறது. பாராங் அடிக்கப் பெரிதும் பயன்படும் லோரி ஸ்பிரிங் தகட்டில் நூற்றுக்கு 0.6 பங்கு அளவில் கரிமம் உண்டு. அரத்தில் ஏறத்தாழ அதன் இரு மடங்கு. கொல்லர் எஃகை 800 பாகை செல்சியஸுக்கு மேல் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்க்கிறார். இதுவே தோய்ச்சல். தோய்ச்சல் கண்ட எஃகு மிகக் கடினமானது. ஆனால் கண்ணாடியைப் போன்றது, கல் தரையில் விழுந்தாலும் விரிசல் காணக்கூடும். ஆகவே அதனை மீண்டும் இளஞ்சூட்டில் வாட்டிப் பதப்படுத்துவர். தேய்த்து மினுக்கிய பரப்பில் 200 பாகையைக் கடந்ததும் வைக்கோல் நிறம் தோன்றும். பின்னர்ப் பழுப்பு, ஊதா. 300 பாகையை நெருங்கும்போது நீலம். வைக்கோல் நிறத்தில் நிறுத்தினால் கூர் நெடுநாள் நிற்கும். நீலத்துக்கு விட்டால் கத்தி வளைந்து கொடுக்கும், கடினம் குறையும். எந்த நிறத்தில் நிறுத்துவது என்பதில்தான் கொல்லரின் கண் இருக்கிறது.

சாணைச் சக்கரத்தில் நேர்ந்ததும் இதுவே. வாயோரம் மெல்லியதாகையால் சில நொடிகளில் சூடேறிவிடும். நீலம் ஏறிய இடத்தில், எவரோ ஒரு கொல்லர் பார்த்துப் பார்த்து வைத்த பதம் போய்விட்டது.

நம் உளியையே எடுத்துக்கொள்வோம். ஹென்றி ரிட்லி 1890களில் சிங்கப்பூரில் வகுத்த முறைப்படி, அதே வெட்டுக்காயத்தில் மீண்டும் மீண்டும் மெல்லிய சீவலாக எடுக்கிறோம். ஒருமுறைக்கு எடுக்கும் பட்டை சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான். மழுங்கிய உளியை அழுத்திச் சீவினால் உள்ளே கேம்பியம் என்னும் வளர்படை காயப்பட்டு, மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். உளி அடி வாங்குவதில்லை, சீவுகிறது. எனவே அதற்குக் கூர் நிற்பதே முதன்மை. பாராங் அப்படியன்று. அது காய்ந்த மரத்திலும் கணுவிலும் ஓங்கி இறங்குகிறது. உளிக்குரிய கடினத்தை அதற்குக் கொடுத்தால் வாய் சில்லுச் சில்லாகப் பெயரும்.

நாமே ஒருமுறை ஏமாந்தோம். கைமயிரை மழிக்கும் கூருடன் ஒரு பாராங்கைப் பட்டணத்தில் வாங்கினோம்; கடையின் பெயர் இங்கு வேண்டா. முதல் நாளே காய்ந்த மூங்கில் கணுவில் பிறை வடிவில் ஒரு சில்லு பெயர்ந்து, நம் நெற்றியைக் கீறிச் சென்றது. ஒரு விரற்கடை கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

இந்த இழுபறி புதிதன்று. நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. தென்னாட்டு உருக்கில் கரிமம் நூற்றுக்கு ஒன்றரை அளவுக்கு மிகுதி. ஆகவே கூர் சிறந்தது. ஆனால் சூடு சிறிது மிகுந்தாலும் சம்மட்டியின் கீழ் அது உதிர்ந்துபோகும். அதனை அடிக்க முயன்று தோற்ற ஐரோப்பியக் கொல்லர் பலர். 1820ஆம் ஆண்டையொட்டி இலண்டனில் மைக்கேல் பாரடே அவ்வுருக்கை ஆராய்ந்தார்.

பெருங்கத்திகளைச் சேகரிப்போர் இன்று ராக்வெல் எண்ணைக் கேட்டு வாங்குகின்றனர். அது கடினத்தை மட்டுமே அளப்பது. சிறு கத்திக்கு 60 சிறப்பு. ஓங்கி வெட்டும் பெருங்கத்திக்கு 54 முதல் 58 வரை போதும் என்பர். எண் கூடக்கூடத் தரம் கூடும் என்று பெருமை பேசுவது அறியாமை. 1976இல் தொடங்கிய அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கத்தின் சோதனை நமக்கு மிகவும் பிடித்தது. ஒரே கத்தி தொங்கும் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். பலகைக் கட்டையை இருமுறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதன் பின்னரும் மயிரை மழிக்க வேண்டும். முடிவில் பிடிப்பானில் மாட்டி 90 பாகை வளைத்தாலும் இரண்டாக முறியக் கூடாது. இரு குணங்களையும் ஒரே கத்தியில் கேட்கும் சோதனை இது.

மலாக்காவில் கொல்லர் பெயரைத் தாங்கிய ஜாலான் துக்காங் பெசி இன்றும் உண்டு. அருகிலுள்ள ஜோங்கர் தெருவின் பழம்பொருட் கடைகளில் பழைய கத்திகளைப் பார்க்கலாம். வாங்க விரும்புவோர் முதலில் காம்பைப் பாருங்கள். துருப்பிடிக்காத எஃகில் சுவரலங்காரத்துக்காகச் செய்த நீண்ட கத்திகள் பலவற்றில் காம்பு ஆணி போல் மெலிந்து, பற்றவைத்ததாக இருக்கும். ஓங்கினால் அலகு பிடியை விட்டுப் பறக்கும். அடுத்து, வாயின் சேதத்தைப் பாருங்கள். மடங்கிய வாய் மென்மையைக் காட்டும், தீட்டுக்கல்லில் சரியாகும். பொக்கை விழுந்த வாய் மிகைக் கடினத்தைக் காட்டும். வெட்டுவேலைக்கு நாம் முன்னதையே தேர்வோம். வாங்கியதைத் துணியில் பொதிந்து நேரே வீடு சேர்க. தக்க காரணமின்றிப் பொது இடத்தில் அபாயகரமான ஆயுதம் வைத்திருப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

முதியவரின் அரிவாளுக்கு வருவோம். நீலம் ஒரு நெல்லகலத்துக்கு மேல் ஏறவில்லை. மீண்டும் உலையில் இடவேண்டா, தண்ணீர் விட்டுக் கைக்கல்லில் மெதுவாகத் தேய்த்து அந்த ஓரத்தை மட்டும் கழித்துவிடுங்கள் என்றோம். வேலையை அவர் பேரனிடமே ஒப்படைத்தார். மாலை வேளைகளில் ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்றாம். அரிவாள் சிறிது ஒடுங்கியிருக்கிறது, பளபளப்பும் போய்விட்டது. தேங்காய் வெட்டுகிறது.