கூரையிலிருந்து விழாத நாய்கள்

ஐப்பசி மழை பிடித்தால் போதும், யாராவது ஒரு ஆசிரியர் அந்தக் கதையை எடுத்துவிடுகிறார். கொட்டும் மழையைச் சொல்லும் 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்ற ஆங்கிலத் தொடர் எப்படி வந்தது தெரியுமா? பழைய இங்கிலாந்தில் நாயும் பூனையும் வைக்கோல் கூரைமேல்தான் படுத்துக்கொள்ளுமாம். மழையில் கூரை வழுக்கி, பொத்துப்பொத்தென்று கீழே விழுமாம்.

விழவில்லை. 1999இல் மின்னஞ்சலில் ஊர் சுற்றிய புளுகு இது; இப்போது வாட்ஸ்அப்புக்குக் குடிவந்திருக்கிறது. கூரை வீட்டையே பார்க்காதவர்கள் நம்பினால் போகட்டும். நமக்கு என்ன வந்தது? பூனை கூரையேறும், சரி. எந்த ஊரில் நாய் ஏறியது? மழை வந்தால் திண்ணைக்கு ஓடுமா, முகட்டுக்குப் போகுமா?

ஏட்டுச் சான்றும் வேறு கதைதான் சொல்கிறது. 1650களில் அச்சான ரிச்சர்ட் பிரோமின் நாடகம் ஒன்றில் நாயோடு சேர்ந்து பொழிவது பூனைகூட இல்லை, மரநாய் போன்ற ஒரு பிராணி. இன்றைய வடிவம் ஜொனாதன் ஸ்விஃப்ட் 1738இல் வெளியிட்ட நூலில் இருக்கிறது. மேட்டுக்குடியினரின் புளித்துப்போன பேச்சைக் கேலி செய்த நூல் அது. அதாவது, அன்றைக்கே அது பழைய சரக்கு! இந்தத் தொடர் எங்கிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரியாது. தெரியாது என்று பிள்ளைகளிடம் சொல்ல ஆசிரியருக்கு வாய் வராதா?

மற்றத் தொடர்களுக்கும் இதே கதிதான். கடைசி நொடியில் தப்பியதைச் சொல்லும் 'சேவ்ட் பை தி பெல்' சவப்பெட்டியில் கட்டிய மணியாம். இல்லை, குத்துச்சண்டை மணி. 'ரூல் ஆஃப் தம்' மனைவியை அடிக்கும் பிரம்பின் பருமனாம். அதுவும் இல்லை, கைக்கணக்கு, அவ்வளவுதான்.

கதை சொன்னால் மனதில் நிற்கும் என்பார்கள். நிற்கிறது, கதை மட்டும். போன தேர்வில் நான் திருத்திய தாளில் ஒரு பையன் 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' தொடருக்கு 'விலங்குகள் தவறி விழுதல்' என்று பொருள் எழுதியிருந்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'கடன் வாங்கியவன் கம்பி நீட்டிவிட்டான்' என்றால் அவனுக்குச் சட்டென்று புரியும். எந்தக் கம்பி என்று கேட்டதே இல்லை. பத்து இடத்தில் காதில் விழுந்ததால் வந்த புரிதல் அது. ஆங்கிலத் தொடரையும் அப்படிப் பத்து வாக்கியத்தில் வைத்துக் காட்ட வேண்டும். அதற்கு மாணவர் கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு நல்ல அகராதி வேண்டும். மூன்று வருடமாகக் கேட்கிறேன். எங்கள் நூலகத்துக்கு இந்த முறையும் வந்தவை வினா விடைப் புத்தகங்கள்தான்.