பெருமிதம்

பிறந்த நாட்டின்மீது மக்கள் கொள்ளும் அன்பு தாய்மொழியைப் போலத் தானே வந்து அமைவது. நாட்டுக் கொடி உயர ஏறுங்கால் நெஞ்சு நிமிர்கின்றது. நாட்டவர் ஒருவர் அயல்நாட்டில் வெற்றி பெற்றார் என்னும் செய்தி கேட்டவுடன் உள்ளம் பூரிக்கின்றது. இவ்வுணர்ச்சி மக்கட்கு இயற்கையே. ஆயினும், நெஞ்சில் தோன்றி நாவில் ஒலித்து அடங்கிவிடும் இவ்வுணர்ச்சி ஒன்றே நாட்டுப்பற்று ஆகுமா? பெருமைப்படுவது எளிது, அப்பெருமைக்குத் தக்கவராய் வாழ்வது அரிது. இவ்விரண்டற்கும் உள்ள வேறுபாட்டைப் பண்டைத் தமிழ் நூலோர் நன்கு அறிந்திருந்தனர்.

மக்கள் உள்ளத்தில் தோன்றி உடலின்கண் வெளிப்படும் உணர்ச்சிகளை மெய்ப்பாடு என்றார் தொல்காப்பியர். அவர் கூறிய மெய்ப்பாடுகள் எட்டனுள் பெருமிதமும் ஒன்று. அது கல்வி, தறுகண், இசைமை, கொடை என்னும் நான்கினின்றும் பிறக்கும் என்பது அவர் கருத்து. தறுகண் என்பது அஞ்சாமை. இசைமை என்பது, எத்துணைப் பெரும் பயன் வருவதாயினும் பழியொடு கூடிய செயலைச் செய்யாத புகழ் வாழ்வு. இந்நான்கும் ஒருவன் தானே முயன்று அடைவன. பிறந்த மண்ணின் பழமையோ, முன்னோர் ஈட்டிய புகழோ, பிறர் தம்மினும் தாழ்ந்தவர் என்னும் எண்ணமோ இவற்றுள் இடம் பெறவில்லை. அவற்றால் வருவதைச் செருக்கு என்று கூறலாமேயன்றிப் பெருமிதம் என்று கூறுதல் பொருந்தாது.

இவ்விலக்கணத்துக்கு இலக்கியமாக வாழ்ந்தவர் வ. உ. சிதம்பரனார். அவர் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5-ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். சட்டம் பயின்று வழக்கறிஞரானார். அந்நாளில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நடந்த கப்பல் வாணிகம் ஆங்கிலேயக் கம்பெனி ஒன்றன் கையில் இருந்தது. முத்துக் குளித்தும் கலம் செலுத்தியும் வாழ்ந்த கடற்கரை மக்கள், தம் கடலைக் கடக்க அயலார் கப்பலை எதிர்பார்த்து நின்றனர். பண்டைத் தமிழர் கடலை ஆண்டனர் என்று மேடைதோறும் பேசி மகிழ்ந்திருத்தல் அவர்க்கு எளிதாக இருந்திருக்கும். அவரோ கப்பல் ஒன்று வாங்குதற்கு வழி தேடினார்.

1906-ஆம் ஆண்டு சுதேசிக் கப்பல் கம்பெனி தோன்றியது. அதன் மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றற்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவராக அமைந்தார். முதலில் வாடகைக் கப்பல்களே ஓடின. பின்னர்ச் சிதம்பரனார் பம்பாய்க்குச் சென்று முயன்றதன் பயனாக, 1907-ஆம் ஆண்டில் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் கம்பெனிக்கே உரியனவாய்த் தூத்துக்குடித் துறைமுகத்தை அடைந்தன.

ஆங்கிலேயக் கம்பெனி வாளா இருக்கவில்லை. தன் கப்பல்களில் கட்டணத்தைப் பெரிதும் குறைத்தது. பின்னர்க் கட்டணமின்றியே ஏற்றிச் செல்வதாகவும் அறிவித்தது. சிதம்பரனாரையே பொருளால் வயப்படுத்த முயன்றது. அவர் அதற்கு இசைந்திருப்பின் செல்வராய் வாழ்ந்திருக்கலாம். பழியொடு வரும் பொருளை அவர் வேண்டாது ஒழித்தார். இசைமை என்பதன் பொருளை அகராதியைக் காட்டிலும் இச்செயல் நன்கு விளக்குகின்றது.

வாணிகத்தோடு அவர் தொண்டு முடியவில்லை. தூத்துக்குடியில் ஆங்கிலேயர் நடத்திய நூற்பாலைத் தொழிலாளர், குறைந்த கூலிக்கு நெடுநேரம் உழைத்து, வாரந்தோறும் ஓய்வும் இன்றி வாடினர். 1908-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபொழுது சிதம்பரனார் முன்னின்று வழிநடத்தினார். சில நாள்களில் ஆலையார் கூலியை உயர்த்த இசைந்தனர். நாடு என்பது மலையும் ஆறும் மட்டுமன்று. அதன்கண் உழைக்கும் மக்களே நாடு என்பதனை அவர் உணர்ந்திருந்தார். தம் நாட்டவர் பசித்திருக்க, நாட்டின் பெருமை பேசுதல் அவர்க்கு இயலாததாயிற்று.

அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 12-ஆம் நாள் அரசினர் அவரைச் சிறைப்படுத்தினர். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்தனர். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மடிந்தன. வழக்கின் முடிவில், 20 ஆண்டுகள் கொண்ட ஆயுள் தண்டனை இரண்டு விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. எனினும் சிறைவாழ்வின் கொடுமை குறையவில்லை. கோயம்புத்தூர்ச் சிறையில் அவ்வழக்கறிஞர் மாடு இழுக்கவேண்டிய செக்கை இழுத்தார். அந்நிலையிலும் கல்வியை அவர் கைவிடவில்லை. ஆங்கில நூல் ஒன்றனை 'மனம்போல வாழ்வு' என்னும் பெயரால் தமிழாக்கினார். 'மெய்யறம்' என்னும் அறநூலும் இயற்றினார்.

1912-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அவர் விடுதலை பெற்றார். அதற்குள் கப்பல் கம்பெனி கலைந்துவிட்டது, கப்பல்களும் கைமாறின. வழக்கறிஞர் உரிமையும் பறிபோயிற்று. சென்னையில் சிறு வணிகம் செய்து வறுமையோடு போராடினார். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் அவர் பேச்சைக் கேட்கத் திரண்டனர். வறுமைக் காலத்தில் அவரை நினைத்தவர் சிலரே. பொருளும் தொழிலும் உடல்நலமும் நாட்டுக்கு அளித்தபின் அவர் கைம்மாறு ஒன்றும் பெறவில்லை. கொடை என்பது இதுவே. அவ்வாழ்வினிடையிலும் தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் வகுத்த உரையைப் பதிப்பித்தார்.

அவர் வாழ்வில் சிறப்பாகக் கருதத்தக்க நிகழ்ச்சி ஒன்று உண்டு. பறிக்கப்பட்ட வழக்கறிஞர் உரிமையை அவர் மீண்டும் பெறுதற்கு வாலேஸ் என்னும் ஆங்கில நீதிபதி துணை நின்றார். அந்நன்றியை மறவாத சிதம்பரனார், தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கில ஆட்சியை எதிர்த்துச் செக்கிழுத்தவர், ஆங்கிலேயர் ஒருவர் பெயரை நாள்தோறும் தம் இல்லத்தில் அன்புடன் அழைத்தார். அவர் பகைத்தது அடிமைத்தனத்தை, மனிதரை அன்று. பிற நாட்டவரை வெறுத்தால்தான் தம் நாட்டை நேசித்ததாகும் என்று கருதுவார்க்கு இந்நிகழ்ச்சி நல்லதொரு விடையாகும்.

இவ்வுண்மையை வடபுலத்தே வாழ்ந்த இரவீந்திரநாத தாகூரும் வலியுறுத்தினார். அவர் இயற்றிய பாடலே 1950-ஆம் ஆண்டில் நாட்டுப் பண்ணாக ஏற்கப்பட்டது. அப்புலவர் 1916-ஆம் ஆண்டில் யப்பானில் ஆற்றிய சொற்பொழிவுகளில், நாட்டுச் செருக்கு மனிதத் தன்மையை விழுங்கிவிடும் என்று எச்சரித்தார். யப்பானியரின் கலைத்திறனைப் போற்றிய அவரே, அந்நாட்டில் வளர்ந்துவந்த வல்லாண்மை வேட்கையை அங்கேயே நின்று கடிந்தார். 1919-ஆம் ஆண்டில் ஜாலியன்வாலா பாக்கில் நிராயுதபாணிகளாய்க் கூடிய மக்கள் சுட்டுக்கொல்லப்பட்டபொழுது, ஆங்கில அரசு தமக்கு வழங்கிய 'சர்' பட்டத்தைத் துறந்தார். செருக்கை வெறுத்த அவர் உள்ளத்தில் பெருமிதம் குறைவின்றி இருந்தது என்பதற்கு இச்செயலே சான்று.

நாட்டை உண்மையாக நேசிப்பவன் அதன் நிறைகண்டு மகிழ்வதோடு அமையான், குறைகண்டு நாணுவான். பெற்ற தாய் நோயுற்றிருக்க, அவள் அழகைப் பிறரிடம் புகழ்ந்து திரியும் மகனை யாரும் நன்மகன் என்னார். அதுபோல, நாட்டில் தீண்டாமையும் வறுமையும் இருக்க, அவற்றைச் சுட்டுவோரைப் பகைவர் என்று பழித்தல் நாட்டுப்பற்று ஆகாது. நாணத்தக்கதற்கு நாணுதலும் பெருமிதத்தின் ஒரு கூறே. அந்நாணமே குறையைக் களையும் ஊக்கமாக மாறும்.

சிதம்பரனார் 1936-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 18-ஆம் நாள் தூத்துக்குடியில் உயிர் நீத்தார். 2011-ஆம் ஆண்டில் அவ்வூர்த் துறைமுகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பெற்றது. அத்துறைமுகத்தைக் காண்போர் உள்ளத்தில் பெருமை எழுதல் இயல்பே. அப்பெருமை அங்கேயே நின்றுவிடின் அது பிறர் ஈட்டிய பொருளைத் தனதென எண்ணி மகிழ்வதை ஒக்கும். கசடறக் கற்றும், அஞ்சாது உண்மை உரைத்தும், பழிக்கு நாணியும், பிறர்க்கு உதவியும் வாழும் மாணவன் தனக்கென ஒரு பெருமிதத்தை ஈட்டுகின்றான். அத்தகைய மாணவர் பலரை உடையதாதலே ஒரு நாட்டுக்குப் பெருமை.